நாலாவதில் அழுத்து

விஜயாவுக்கு இங்கிலீஷில் ஒரே ஒரு வார்த்தைதான் வேண்டியிருந்தது. அதைத் தடுமாறாமல், கேட்கிறவர் காதில் போய் உட்காருகிற மாதிரி சொல்லத் தெரிந்தால் போதும், புருஷன் பாண்டியன் பிழைத்துக்கிடப்பான். தெரியாவிட்டால் என்ன ஆகும் என்பதை அவள் இரண்டு தடவை கண்ணால் பார்த்தாகிவிட்டது. மூன்றாம் தடவை பார்க்க அவளுக்கு மனசில் தெம்பில்லை. அவன் உடம்பு தாங்கும் என்று எந்த டாக்டரும் உறுதி கொடுக்கவும் இல்லை.

பாண்டியன் பந்தலூருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பூச்சிமருந்து அடிக்கிற கோஷ்டிக்கு முதல் ஆள். முதுகில் டேங்கைக் கட்டிக்கொண்டு செங்குத்தான மலையில் ஆடு ஏறுவதுபோல் ஏறுவான். காய்ச்சல், தலைவலி என்று ஒரு நாள் படுத்தவனில்லை. அப்படிப்பட்டவன் காலில் கிளை கழித்துக் கவ்வாத்து வெட்டிய செடியின் குச்சி குத்திக் கிழித்துவிட்டது. டவுனில் ஒரு கிளினிக்குக்குப் போனார்கள். வெள்ளைப் பொடியில் தண்ணீர் கலந்து ஒரு ஊசி போட்டார்கள். ஊசி போட்ட இடத்தைத் தேய்த்துவிட்டுச் சட்டையை மாட்டுவதற்குள் உதடு வீங்கிவிட்டது, உடம்பெல்லாம் தடிப்பு, தொண்டை அடைத்துக்கொண்டு மூச்சு விசில் அடித்தது. அங்கிருந்தவர்கள் பதறிப்போய் வேறு ஊசி போட்டு, ஆம்புலன்சில் ஏற்றி, கோயம்புத்தூரில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். விஜயா வழி நெடுக அவன் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். அந்தக் கை அவ்வளவு குளிர்ந்து அவள் ஒருபோதும் தொட்டதில்லை.

"இந்த மருந்து இவருக்கு ஜென்மத்துக்கும் ஆகாது" என்றார் அங்கே டாக்டர். பெயரையும் சொன்னார். நிறுத்தத்தில் நிற்காத பஸ் மாதிரி அந்தப் பெயர் அவளைத் தாண்டிப் போய்விட்டது. பரவாயில்லை என்று விட்டுவிட்டாள். மருந்துக் குப்பியின் மூடி மஞ்சள் நிறம் என்பது அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.

இங்கேதான் வந்தது வினை. தோட்டத்து ஆட்களுக்கு மருந்து என்றால் நிறம்தான். எஸ்டேட் ஸ்டோரில் அடுக்கியிருக்கும் பூச்சிமருந்து டப்பா ஒவ்வொன்றிலும் ஒரு முக்கோணம் போட்டிருக்கும். சிவப்பு என்றால் எமன். மஞ்சள் என்றால் எமனுக்குத் தம்பி. நீலம் கொஞ்சம் சாது, பச்சை ரொம்பச் சாது. டப்பாவில் வாய்க்குள் நுழையாத பெயர் ஆயிரம் இருக்கட்டும், அதை யார் படித்தார்கள்? நிறத்தைப் பார், கையுறையை மாட்டு, வேலையைப் பார், அவ்வளவுதான். அந்தப் பழக்கத்தில் வளர்ந்த விஜயா, மஞ்சள் மூடியை மனசில் முடிந்து வைத்துக்கொண்டாள்.

அடுத்த மழைக்காலத்தில் பாண்டியனுக்கு நெஞ்சுச்சளி கட்டிக் காய்ச்சல் வந்தது. வேறொரு கிளினிக். "இவருக்கு ஊசி ஒத்துக்காதுங்க" என்று விஜயா சொன்னாள். நம் ஊரில் பாதிப் பேர் அப்படித்தானே சொல்கிறோம், அங்கே இருந்த பெண்ணும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. விஜயா குப்பியைக் காட்டச் சொன்னாள். மூடி நீலம். "நீலந்தானே, போடுங்க" என்று அவள் வாயாலேயே சொன்னாள். அதற்குப் பிறகு நடந்தது எல்லாம் பழையபடிதான், இந்தத் தடவை இன்னும் வேகமாக.

"ஏம்மா, மூடி நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பேரச் சொல்லணும், பேர!" என்று கோயம்புத்தூர் டாக்டர் கத்தினார். கத்தியதில் நியாயம் இருந்தது. விஜயா தலையைக் குனியவில்லை. "அந்தப் பேர இன்னொருக்காச் சொல்லுங்க சார், மெதுவா" என்றாள். அவர் சொன்னார். ஒரு அட்டையிலும் எழுதிக் கொடுத்தார்கள்.

அட்டையை லேமினேட் பண்ணி, கயிறு கோத்து, பாண்டியன் கழுத்தில் போடப் போனாள். அவன் தட்டிவிட்டான்.

"நாய்க்குத்தான் கழுத்துல பட்ட கட்டுவாங்க."

"அப்ப சட்டப் பையிலயாச்சும் வச்சிக்கிடுங்க."

"மருந்தடிக்கிற சட்டைக்கு ஏது பை? ஊறிப்போய்க் கெடக்கும். அதோட நாலு பேரு பாத்து, சூப்பர்வைசர் காதுல போட்டா, 'ஒனக்கு மருந்து ஆவாதாமே, போயி ஃபேக்டரியக் கூட்டு'ன்னு வெளக்கமாத்தக் குடுப்பாரு. எவங்கிட்டயும் மூச்சு விடாத, சொல்லிட்டேன்."

பூச்சிமருந்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று அவள் எத்தனை எடுத்துச் சொன்னாலும் ஏறவில்லை. அட்டை சாமி படத்துக்குப் பின்னால் போய்ச் சேர்ந்தது. மூச்சு விடமாட்டேன் என்று அவளும் வாக்குக் கொடுத்தாள். ஆனால் அட்டை கழுத்தில் தொங்காதென்றால் பெயர் வாயிலாவது இருக்க வேண்டும், முதலில் தன் வாயில், அப்புறம் அவன் வாயில். அதில் அவள் தீர்மானமாக இருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பந்தலூர் பஜாருக்கு இறங்கினாள். அங்கே மருந்துக்கடை வைத்திருப்பவள் ஸ்ரீமதி, கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம், விஜயாவை விடக் கொஞ்சம் இளையவள். பேச்சு மெத்தென்று இருக்கும், ஆனால் விடாக்கண்டி. விஜயா அட்டையைக் காட்டினாள்.

"இதப் படிக்கத் தெரியணும். படிக்க இல்ல, சொல்ல."

"செஃபலோஸ்போரின்" என்றாள் ஸ்ரீமதி.

"செபலசு... செபலோசுபுரி..."

"ஏனுங்க விஜயாக்கா, இத ஒரே வாயில முழுங்கப் பாக்கறீங்களே. விக்கிக்காதா? துண்டு போட்டுத் தின்னுங்க."

கல்லாவுக்குப் பக்கத்தில் கிடந்த காலி மாத்திரை அட்டை ஒன்றை எடுத்து, கத்தரியால் ஒரு வரிசையை வெட்டி மேஜையில் வைத்தாள். வரிசையில் ஐந்து குழி. "ஒவ்வொரு குழிக்கும் ஒரு துண்டுங்க. செ. ஃப. லோ. ஸ்போ. ரின்."

விஜயா குழி குழியாகத் தொட்டுச் சொன்னாள். துண்டு துண்டாக வந்தது. சேர்த்துச் சொன்னால் பழைய குருடி கதவைத் திறடி.

"இது யாரு வச்ச பேரு? இதுக்கு அர்த்தம்னு ஒண்ணு உண்டா, இல்ல சும்மா நம்மள வதைக்கவா?"

ஸ்ரீமதி சிரித்தாள். "அர்த்தம் இருக்குதுங்க. காலேஜுல சொல்லிக் குடுத்தாங்க. செஃபலோன்னா தலை. ஸ்போருன்னா பூஞ்சக்காளானோட வித்து. தலையில வித்து வச்சிருக்கற மாதிரி ஒரு பூஞ்சை, அதுல இருந்து எடுத்த மருந்துங்க இது. கடைசில இருக்கற இன்னு சும்மா வாலு, மருந்துப் பேருக்கு அப்படி வால் வைப்பாங்க."

"தலையில வித்துன்னா, பேனு முட்ட மாதிரியா?"

"அப்படியே வச்சுக்கங்க!"

"தல, வித்து, வாலு" என்று விஜயா விரல் மடக்கிக்கொண்டாள். கன்னாபின்னாவென்று கிடந்த பெயருக்குக் கை கால் முளைத்த மாதிரி இருந்தது அவளுக்கு. ஸ்ரீமதி இன்னொன்றும் சொன்னாள். இது ஒரு மருந்து இல்லை, குடும்பம். பிள்ளைகள் நிறைய. ஆனால் எல்லாப் பிள்ளைக்கும் முன்னால் செஃப் என்று இனிஷியல் மாதிரி ஒட்டியிருக்கும். மூடி என்ன நிறமாக இருந்தாலும் இனிஷியல் மாறாது.

"சரி, இப்பச் சொல்லுங்க பாக்கலாம். எங்கிட்ட வேண்டாம். உள்ள ஊட்டுக்காரர் இருக்கறாரு, அவருக்குக் கேக்கற மாதிரிச் சொல்லுங்க. எடுத்துட்டு வந்துட்டார்னா பாஸு."

உள்ளே அலமாரிகளுக்கு நடுவில் அவள் கணவன் கதிர் சரக்குப் பிரித்துக்கொண்டிருந்தான். விஜயா தொண்டையைச் செருமிக்கொண்டு சத்தமாகச் சொன்னாள். உள்ளே பெட்டிகள் உருளும் சத்தம் கேட்டது. அப்புறம் கதிர் ஒரு சோப்புக்கட்டியுடன் வெளியே வந்தான். "சொறிக்குத்தானுங்க கேட்டீங்க?"

விஜயாவுக்கு ஆத்திரமாக வந்தது. கதிர் மேல் இல்லை, தன் நாக்கின் மேல். எல்லாத் துண்டையும் சரியாகத்தானே சொன்னோம்?

"எல்லாத் துண்டையும் ஒரே கனத்துல சொல்றீங்க. அதாங்க எடறுது" என்றாள் ஸ்ரீமதி. "தமிழ்ல நாம சமதரையா நடப்போம். இங்கிலீஷுல ஒரு எடத்துல ஓங்கி மிதிக்கோணும். இதுக்கு நாலாவதுல. மத்த குழியெல்லாம் காலி, நாலாவதுல மட்டும் மாத்திரை இருக்குதுன்னு நெனைச்சுக்கங்க. அங்க அழுத்துங்க." விஜயாவின் பெருவிரலைப் பிடித்து நாலாவது குழியில் வைத்து அழுத்தினாள். டக்கென்று சத்தம் வந்தது.

"செஃபலோ-ஸ்போ-ரின்."

அன்றைக்கு வரவில்லை. வாய் அங்கே போவதற்குள் விரல் அழுத்தியது, விரல் அங்கே போவதற்குள் வாய் ஓடிவிட்டது. அந்த ஐந்து குழி அட்டையை வாங்கி முந்தியில் முடிந்துகொண்டு மலை ஏறினாள். தோற்றுப்போய் ஏறவில்லை, அடுத்த ஞாயிறு கதிர் சரியான பெட்டியைக் கொண்டுவந்தே தீர வேண்டும் என்று கறுவிக்கொண்டு ஏறினாள்.

வார்த்தை வந்து சேர்ந்த இடம் தேயிலைக்காடு. அந்தத் தோட்டத்தில் பாதி மலைக்குக் கொழுந்து வெட்டும் கத்தரி வந்துவிட்டாலும், நல்ல கொழுந்துக்கு இன்னும் கைதான். எடுக்கிறவர்களுக்குத் தெரியும், கொழுந்து எடுப்பதில் ஒரு ஓட்டம் உண்டு. இரண்டு கையும் செடிமேல் குதித்துக்கொண்டே போகும், கிள்ளு, கிள்ளு, கிள்ளு, கை நிறைந்ததும் தோளுக்கு மேலே ஓங்கி ஒரு வீச்சு, முதுகுக்கூடைக்குள். வீசிய கை திரும்பிச் செடிக்கு வரும், மறுபடி கிள்ளு. யாரும் யோசித்துச் செய்வதில்லை. மார்கழிப் பனியில் விரல் மரத்துப்போனாலும் அந்த ஓட்டம் மட்டும் நிற்காது.

திங்கட்கிழமை தன் செடி நிரையில் நின்றபடி விஜயா முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். செ, ஒரு கிள்ளு. ஃப, ஒரு கிள்ளு. லோ, ஒரு கிள்ளு. கை நிறைந்துவிட்டது, வீசினாள், வீச்சோடு 'ஸ்போ' வாயிலிருந்து தானாகத் துள்ளி விழுந்தது. கை செடிக்குத் திரும்புகையில் 'ரின்'. அவளுக்கே திக்கென்றது. மறுபடி செய்து பார்த்தாள். கிள்ளு, கிள்ளு, கிள்ளு, வீச்சு, திரும்பு. செஃபலோ-ஸ்போ-ரின். அட என் சாமி! நாக்குக்குத் தெரியாததைக் கை தெரிந்து வைத்திருந்திருக்கிறதே என்று அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

பக்கத்து நிரையில் அங்கம்மா. லயத்து வரிசை வீடுகளிலும் பக்கத்து வீடு, வயதில் மூத்தவள், நாக்கில் சனி.

"என்னடியம்மா அது? செப்பலா? எந்தக் கடையில வாங்குன?"

"செப்பலும் இல்ல, ஒண்ணும் இல்ல. அது ஒரு பேருக்கா."

"யாரு பேரு?"

பாண்டியனுக்குக் கொடுத்த வாக்கு நடுவில் நின்றது. "எதிரி பேரு" என்றாள் விஜயா.

"எதிரிக்கு இம்புட்டு நீளப் பேரா? வச்சவன் சோறு தின்னுட்டுச் சும்மா இருந்திருக்கான்" என்றாள் அங்கம்மா. ஆனால் கொழுந்துக்காட்டில் ஒரு சத்தம் விழுந்தால் விழுந்ததுதான், நிரை நிரையாகப் பரவும். நாலு நாளில் அடுத்த நிரைத் தெய்வம்மா சொன்னாள், அவளுக்கு அடுத்தவள் சொன்னாள், ஆளுக்கொரு விதமாகக் கடித்துக் குதறி, வீசுகிற இடத்தில் மட்டும் எல்லாரும் ஒன்றாகக் கத்தினார்கள். சூப்பர்வைசர் ஜெகதீசன் கீழே ரோட்டிலிருந்து, "என்னம்மா அது பாட்டு?" என்று கேட்டார். "சாமி பேரு சார், கும்பிட்டுக்குங்க" என்றாள் அங்கம்மா. அவரும் பாவம், கும்பிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை விஜயா மருந்துக்கடையில் போய் நின்றாள். கை லேசாகத் தோளுக்கு மேலே போனது, யார் பார்த்தால் என்ன. உள்ளே கதிருக்குக் குரல் கொடுத்தாள். அவன் வெளியே வரும்போது கையில் ஒரு சின்னப் பெட்டி இருந்தது. "இந்தக் குடும்பத்துல எது வேணுமுங்க? இது ஒண்ணு இருக்குது." ஸ்ரீமதி கைதட்டினாள். பெட்டியின் மேல் எழுத்தைக் கூட்டிப் பார்த்து முதல் துண்டை விஜயா கண்டுபிடித்தாள். செஃப். தன் வீட்டு ஆளை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தது இந்தக் கையகலப் பெட்டியா என்று உற்றுப் பார்த்தாள். தொடாமலே, "உள்ள கொண்டுபோயிருங்க" என்றாள்.

பாதி வேலைதான் முடிந்தது. மீதிப் பாதி வீட்டில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு கிடந்தது.

"சொல்லுங்க. ஒரே ஒருக்கா."

"போ புள்ள."

"நான் இல்லாத எடத்துல ஒங்களுக்கு ஒண்ணுன்னா யாரு சொல்லுவா? காக்காவா குருவியா?"

"என் நாக்குக்கு இங்கிலீசு வராது. அஞ்சாங்கிளாசுல ஒரு வரி படிக்க முடியாம, பூராப் பயலும் சிரிக்க, அந்தப் பீரியடு முடியிற வரைக்கும் பெஞ்சு மேல நின்னவன் நான். அன்னைக்கே விட்டேன். இந்த வயசுல ஏறி நிக்கச் சொல்றியா?" குரல் ஏறி, பிறகு தணிந்தது. "அதோட, அந்தச் சனியன் பேர வாயால சொன்னா கூப்பிட்டேன்னு நெனச்சு வந்து நிக்கும்."

"கூப்புடாமத்தானே ரெண்டு தரம் வந்துச்சு?"

அவன் கம்பளியைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டான். விஜயாவுக்குச் சுர்ரென்று ஏறியது. அடம் என்றால் அடம், அவளுக்கு மட்டும் தெரியாதா? "சரி. நீங்க சொல்ல வேணாம். நான் சொல்றேன். தெனமும் சொல்றேன். காது இருக்குல்ல, கேட்டுக்கிட்டுக் கெடங்க" என்றாள்.

மறுநாள் விடிகாலை டீ கிளாஸை நீட்டும்போது, கிளாஸைக் கையில் விடாமல், மறு கை தோளுக்கு மேலே போய்த் திரும்ப அந்த வார்த்தையைச் சொல்லி, "நாலாவதுல அழுத்தணும்" என்ற பிறகுதான் கொடுத்தாள். அதற்கு மறுநாளும். மழையென்றாலும் பனியென்றாலும், சண்டை போட்டுப் பேசாமலிருந்த நாளில்கூட, அந்த ஒரு வார்த்தை மட்டும் நடுவில் வந்து நின்றது. அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு டீ குடிப்பான். "முடிஞ்சுதா பூசை?" என்பான். "முடிஞ்சுது, குடிங்க" என்பாள். ஒரு நாளாவது அவன் உதடு அசையாதா என்று பார்ப்பாள். அசையவில்லை. சில நாள் அவளுக்கே, இது என்ன பைத்தியக்காரத்தனம், சுவருக்குச் சொன்னால் சுவராவது எதிரொலிக்குமே என்று வெறுத்துப்போகும். ஆனாலும் மறுநாள் சொல்வாள்.

தை மாதத்தில் ஸ்ரீமதுரையில் அவள் தம்பி மகளுக்குக் காதுகுத்து வந்தது. பாண்டியனுக்கு அன்று மருந்தடி, லீவு கிடைக்கவில்லை. விஜயா மட்டும் முதல் பஸ்ஸைப் பிடிக்க இருட்டோடு கிளம்பினாள். அவன் அசந்து தூங்கிக்கொண்டிருந்தான். டீயைப் பிளாஸ்கில் ஊற்றி அவன் தலைமாட்டில் வைத்துவிட்டு ஓடினாள்.

காதுகுத்து முடிந்து, சாப்பிட்டு, கூடலூர் வந்து திரும்புகிற பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தபோது போன் அடித்தது. அங்கம்மா. பின்னால் ஒரே கூச்சல்.

"விஜயா, பதறாத. பாண்டியன் வழுக்கி உழுந்துட்டான். கவ்வாத்துக் குச்சி தொடையில ஏறிருச்சு. ரத்தம் நெறைய. பக்கத்து மலையில நாங்கதான் நின்னோம், தோட்டத்து டிஸ்பென்சரிக்குத் தூக்கியாந்துட்டோம். புதுசா ஒரு மலையாளத்து நர்ஸு தம்பி வந்திருக்கே, அது பாக்குது—"

"அக்கா! ஊசி போட விடாதீங்க! அவருக்கு ஒரு மருந்து ஆவாது, அந்தப் பேரச் சொல்லுங்க, நாம காட்டுல சொல்லுவோமே, செஃப—"

பஸ் நாடுகாணி வளைவில் திரும்பியது. போன் செத்துவிட்டது. திரும்ப அடித்தாள், போகவில்லை. பாண்டியன் போனுக்கு அடிக்கலாமென்றால், அது மருந்தடி நாளில் வீட்டில்தான் கிடக்கும். ஒரு கம்பி சிக்னல் வந்தது, போனது. அவள் தன்னையறியாமல் அந்த வார்த்தையைச் சொல்ல ஆரம்பித்தாள். முதலில் முணுமுணுப்பாக, அப்புறம் சத்தமாக, ஒவ்வொரு தடவையும் கை முன்சீட்டுக் கம்பியைக் குத்தியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் நகர்ந்து உட்கார்ந்தாள். கண்டக்டர் வந்து, "என்னம்மா ஆச்சு?" என்றார். "என் வீட்டுக்காரருக்கு ஆகாத மருந்து. பேரு இதுதான். வண்டிய வேகமா விடச் சொல்லுங்க" என்றாள். தேவாலா தாண்டும்வரை அங்கம்மாவின் போன் 'தொடர்பு எல்லைக்கு வெளியே' என்றே சொல்லிக்கொண்டிருந்தது. வாக்காவது மண்ணாங்கட்டியாவது, அன்றைக்கே லயம் முழுக்கத் தண்டோரா போட்டிருக்க வேண்டும் என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

இறங்கியவள் ரோட்டில் போகவில்லை, செடிகளுக்கு நடுவே குறுக்குப்பாதையில் ஏறினாள். பட்டுச்சேலை கிழிந்தது. டிஸ்பென்சரி வாசலில் கூடைகளை இறக்கி வைத்துவிட்டுப் பெண்கள் கும்பலாக நின்றார்கள். அங்கம்மா படியில் உட்கார்ந்து தலையில் கை வைத்திருந்தாள். விஜயா அவள் முன்னால் போய் நின்றாள்.

"அக்கா... போட்டுட்டாங்களா?"

அங்கம்மா நிமிர்ந்தாள். "போடல. மூச்சு வாங்கு மொதல்ல. போடல."

விஜயா அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். தெய்வம்மா தண்ணீர் கொண்டுவந்தாள். அங்கம்மா சொல்ல ஆரம்பித்தாள்.

"காயத்தக் கழுவிக் கட்டிட்டு, அந்தத் தம்பி ஒரு குப்பிய எடுத்து வச்சிக்கிட்டு, 'சேட்டா, எந்த மருந்துக்காச்சும் அலர்ஜி உண்டோ?'ன்னு கேட்டுச்சு. ஒம் புருசன் என்ன சொன்னான் தெரியுமா? 'ஒண்ணுமில்ல'ன்னான்!"

"பாவி மனுசன்!"

"நான் விடுவனா? 'இருக்கு தம்பி, போடாத'ன்னேன். 'எந்த மருந்து சேச்சி?'ன்னுச்சு. நீ காட்டுல சொல்லுவியே, அதச் சொல்ல வாயெடுத்தேன், 'செஃபலோ'க்கு மேல வரல. காட்டுல வருது, கையில கொழுந்து இல்லாம வரமாட்டேங்குது. தெய்வம்மா ஒண்ணு சொன்னா, இவ ஒண்ணு சொன்னா, ஆளுக்கொரு மூலையா இழுத்து, வாலைத் தலையில வச்சு... அந்தத் தம்பி பயந்துபோயி எங்க எல்லாரையும் மாத்தி மாத்திப் பாக்குது."

"அவருக்குன்னு ஒங்களுக்கு எப்படித் தெரியும்? நான் போனுல கத்துனது கேட்டுச்சா?"

"போனா? அது அப்பவே செத்துருச்சு, போடி! லயத்துச் செவுரு என்ன கோட்டைச் செவுரா? தெனம் விடிய நீ அவனுக்கு ஓதுறது எங்க வீட்டுக் கோழிக்கும் தெரியும். ரெண்டு தரம் ஆம்புலன்சு வந்துச்சே, நாங்க என்ன கண்ணவிஞ்சா கெடந்தோம்?" அங்கம்மா மூக்கைச் சிந்தினாள். "அப்பத்தான் அவன் எந்திரிச்சு உக்காந்தான். மூஞ்சி வலியில கோணிப்போயிக் கெடக்கு. 'அடச்சே, ஏன் அதப் போட்டு இப்படிக் கொல்றீங்க, நாலாவதுல அழுத்தணும்'னு சத்தம் போட்டுட்டு, சொன்னாம் பாரு, நீ சொல்ற மாதிரியே, புட்டுப் புட்டு! அந்தத் தம்பி குப்பியப் பாத்துச்சு, டக்குனு கீழ வச்சிருச்சு. 'இது அதுதான் சேட்டா'ன்னுச்சு. டாக்டருக்குப் போன் போட்டு வேற மருந்து கேட்டுப் போட்டுது."

விஜயா எழுந்து உள்ளே போனாள். நர்ஸ் சசிதரன், மீசை இப்போதுதான் அரும்பிய மலையாளத்துப் பையன், ஒரு குப்பியைத் தனியாக ஒதுக்கி வைத்திருந்தான். "பேடிக்க வேண்டாம் சேச்சி, பயமில்ல. இப்ப குழப்பமில்ல" என்றான். குப்பியின் மூடி பச்சை. விஜயா அதைப் பார்த்தாள், பக்கத்தில் எழுதியிருந்ததையும் பார்த்தாள். செஃப் என்றுதான் ஆரம்பித்தது.

கட்டிலில் பாண்டியன் கால் நீட்டிக் கிடந்தான். முகம் வெளுத்திருந்தது. அவளைப் பார்த்ததும் பெஞ்சு மேல் ஏற்றிய பையன் மாதிரிக் கண்ணைத் திருப்பிக்கொண்டான். கட்டிப்பிடித்து அழ வேண்டும்போலவும் இருந்தது அவளுக்கு, நாலு அறை விட வேண்டும்போலவும் இருந்தது.

"ஒண்ணுமில்லன்னு சொன்னீங்களாம்?"

"பழக்கத்துல வந்துருச்சு."

"போயிருந்தா? பழக்கத்துல போயிருந்தா நான் என்ன பண்ணுவேன்?" இரண்டு ஆம்புலன்சிலும் அழாதவள் இப்போது தேம்பினாள். சன்னலுக்கு வெளியே அங்கம்மா கூட்டத்தை விரட்டினாள், ஆனால் தான் மட்டும் நகரவில்லை.

பாண்டியன் கூரையைப் பார்த்தான். "காலையில நீ சொல்லாமப் போயிட்ட" என்றான் மெதுவாக.

"என்னது?"

"டீ இருந்துச்சு. நீ இல்ல. அந்தப் பேரும் இல்ல. குடிச்சேன், எறங்கல. மலைக்குப் போனேன், என்னமோ மாதிரியே இருந்துச்சு. வீட்டப் பூட்டாம வந்துட்ட மாதிரி. டேங்கத் தூக்கி முதுகுல வைக்கையில பக்கத்துல ஆளு யாரும் இல்ல. நானே சொல்லிக்கிட்டேன். ஒருக்கா. அப்புறந்தான் வேலையே ஓடுச்சு."

விஜயா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

சசிதரன் இரண்டு கிளாஸில் டீ கொண்டுவந்து வைத்தான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு கிளாஸை எடுத்துப் புருஷனிடம் நீட்டினாள். அவன் கையை வைத்தான். அவள் விடவில்லை.

"இங்கயா? அந்தப் பொம்பள சன்னல்ல நிக்குது."

"நிக்கட்டும்."

பாண்டியன் சன்னலைப் பார்த்தான், கதவைப் பார்த்தான், கடைசியில் அவளைப் பார்த்தான். பிறகு சொன்னான். ஒருநாளும் கொழுந்தெடுக்காத அவன் வலது கை, நாலாவது துண்டு வந்ததும் தானாகத் தோளுக்கு மேலே போய்த் திரும்பியது.

விஜயா கிளாஸை விட்டாள். "குடிங்க" என்றாள்.